யார் வீட்டு அறை

பயிற்சியின் மூன்றாம் நாள்
வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் வந்து சொன்னார்:
சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும்.
எழுதிக்கொண்டேன்.
பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது,
யார் வீட்டு அறை?

காசிமேட்டில் என் அறை
ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே, மே மாதத்தில் முப்பத்தெட்டு.
மெழுகுவத்தி ஏற்றாமலே குனியும்.
அவர் சொன்ன அறை கல்லில் கட்டியது போலிருக்கிறது.
கணப்பருகே நாய் படுத்திருக்கும், வெளியே பனி பெய்யும்.
எங்கள் சந்து நாய்கள் படுப்பது
ஐஸ் உருகி ஓடும் சாக்கடையோரம்.

பதினாறிலிருந்து பதினெட்டு. அவ்வளவுதான் கணக்கு.
மேலே போனால் சாராயம் முந்திக்கொண்டு பேசும்.
கீழே போனால் திராட்சை வாயே திறக்காது.
கிண்டி ஹோட்டலில் ஆறு வருடமாக இதைத்தான்
நாப்கின் சுற்றிய பாட்டிலோடு தூக்கித் திரிகிறேன்.

வெள்ளிக்கிழமை பதினோராம் மேசையில்
ஒரு கம்பெனிக்காரர்கள் பாட்டிலைத் திறந்தார்கள்.
ஆளுக்கு ஒரு வாய். போன் வந்தது. எழுந்து போனார்கள்.
மேனேஜர் ஸ்டீபன்சன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.
டிபன் பாக்ஸுக்கும் யூனிபார்முக்கும் நடுவே
முக்கால் பாட்டில்
கடைசி பஸ்ஸில் பாலம் தாண்டி வந்தது.

தேசப்பன் ஐஸ் பார் உடைக்கிறவன்.
"அரைமணி இரு, பாரு" என்று
மீன் பெட்டிக்குள் அதைக் கழுத்துவரை புதைத்தான்.
உப்பையும் ஒரு கை அள்ளிப் போட்டான்.
எடுத்தபோது நாலு டிகிரி.
லேபிளில் ஒரு சங்கரா செதில் ஒட்டியிருந்தது.

ஒரு வாய் வைத்தான்.
"ஜில்லுனுகீது. வேற ஒண்ணும் இல்ல."
வை, தானா எழுந்துக்கும் என்றேன்.

எவர்சில்வர் டம்ளரில் தெர்மாமீட்டரை நட்டோம்.
ஆறு.
கரண்ட் போனது. போன் வெளிச்சத்தைப் பிடித்தான்.
ஒன்பது.
சட்டையைக் கழற்றி விசிறினான்,
விசிறாதே, ஏறட்டும் என்றேன்.
பன்னிரண்டு.
இரண்டு பேரும் குந்தி, ஒரு வேலையும் செய்யாமல்,
ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது
கல்யாணமாகி இதுதான் முதல் தடவை.
டம்ளருக்கு வியர்த்தது. அவனுக்கும்.
பதினாலு.
பதினைந்தில் ஹாரன் கேட்டது.
முந்தாநாள் வரவேண்டிய தண்ணி லாரி.

நான் இரண்டு குடம், அவன் நீல டிரம்.
வரிசையில் முன்னால் நின்ற குப்பம்மா திரும்பி மோந்தாள்.
"இன்னாடி, குட்சிகிறியா?"
இன்னும் இல்லக்கா என்றேன்.
சத்தியமான பதில்.

திரும்பி வந்தபோது இருபத்தேழு.
பதினாறும் பதினேழும் பதினெட்டும்
எங்கள் அறைக்கு வந்து,
ஆளில்லை என்று பார்த்துவிட்டுப் போயிருந்தன.
எவர் வீட்டிலோ ஒரு சாயங்காலம் முழுக்கத் தங்குகிற சங்கதி
இங்கே நாலு நிமிஷம் நிற்காது.

அதையும் குடித்தோம்.
முதலில் எரிந்தது. பிறகு நாவல் கொட்டையின் துவர்ப்பு.
தூரத்தில், மிகத் தூரத்தில்,
யாரோ பழம் நறுக்குகிற மாதிரி ஒன்று.
அவன் முகத்தைச் சுளித்தான்.
இதுக்கா பன்னண்டாயிரம் என்றான்.
இதுக்கில்ல, தப்பிச்சிட்ட அந்த மூணு நம்பருக்கு என்றேன்.

பாட்டிலில் இன்னும் இருந்தது.
இந்தத் தடவை உப்பு வேணாம், பத்து நிமிஷம் போதும்,
அப்புறம் டம்ளர்ல ஊத்திக் காவலிரு என்று சொல்லிவிட்டு
ஈரப் புடவையோடு சுவரில் சாய்ந்தேன்.
எட்டு மணி நேரம் நின்ற கால்.

தோளைப் பிடித்து உலுக்கினான்.
முகத்தில் போன் வெளிச்சம், மூக்குக்கு நேரே டம்ளர்.
"பதினாறு" என்றான்,
குழந்தை தூங்கும் வீட்டில் பேசுவது போல.
"எழுந்துரு, எழுந்துரு,
ஏறிடப்போவுது."